எண்ணெய் வரி ஏறினால் எந்த வீட்டில் என்ன குறையும்?

2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அதற்கு முந்தைய நாள் வரை அடிப்படைச் சுங்க வரி கிடையாது. அது 20 சதவீதம் ஆனது. செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75 சதவீதமாக இருந்தது 35.75 சதவீதம் ஆனது. சோயாவும் கடலையும் பயிரிட்டவர்களுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம்.

எட்டு மாதம் கழித்து, 2025 மே 30 அன்று, கச்சா எண்ணெய்க்கான அடிப்படை வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்த முறை சொன்ன காரணம், கடையில் எண்ணெய் விலை குறைய வேண்டும், உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் பிழைக்க வேண்டும் என்பது.

ஏற்றியதும் மக்களுக்காக, இறக்கியதும் மக்களுக்காக. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஏனென்றால் எண்ணெய் வித்தை விதைப்பவரும் மக்கள்தான், எண்ணெயை வாங்குபவரும் மக்கள்தான். ஆனால் இவற்றில் எது ஏழைக் குடும்பத்துக்கு நல்லது என்று கேட்டால், பேச்சுத் திறமையால் பதில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் முறை பொருளாதார அறிஞர்களிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அடிப்படையில் அது கூட்டலும் பெருக்கலும்தான், யாரும் புரிந்துகொள்ளலாம்.

வரி வீட்டுக்குள் வரும் வழிகள்

வர்த்தகக் கொள்கை என்றால் இறக்குமதி வரி மட்டும் இல்லை. ஏற்றுமதிக்குத் தடை போடுவது, அளவு வரம்பு வைப்பது, வேறு நாட்டோடு வரி விலக்கு ஒப்பந்தம் செய்வது, வேறு நாடு நம் பொருளுக்கு வரி போடுவது எல்லாம் இதில் அடங்கும். எதுவாக இருந்தாலும் ஒரு குடும்பத்தை அது நான்கு வழிகளில்தான் தொடுகிறது.

முதலாவது, அந்தக் குடும்பம் வாங்கும் பொருளின் விலை. இரண்டாவது, அது விற்கும் பொருளின் விலை. மூன்றாவது, அதில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் வேலையும் கூலியும். நான்காவது, அரசுக்கு வரும் வரி வருமானமும், அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வரும் ரேஷன், உதவித்தொகை, பள்ளி, மருத்துவமனை போன்றவையும். நான்கையும் கூட்டிக் கழித்து வரும் மிச்சம்தான் அந்தக் கொள்கையால் அந்த வீட்டுக்கு வந்த லாபம் அல்லது நட்டம். தொலைக்காட்சி விவாதங்களில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். விவசாயி பக்கம் நிற்பவர் விற்கும் விலையைப் பேசுவார்; நுகர்வோர் பக்கம் நிற்பவர் வாங்கும் விலையைப் பேசுவார். பல வீடுகளில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன என்பது அதில் விடுபட்டுப் போகிறது.

வாங்கும் கணக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலமில்லாத ஒரு கூலிக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. ஆண்டுக்கு மொத்தச் செலவு 1,40,000 ரூபாய். அதில் கடை எண்ணெய்க்கு 7,000 ரூபாய், அதாவது 5 சதவீதம். எண்ணெய் விலை 20 சதவீதம் ஏறினால், பழைய அளவையே வாங்க 1,400 ரூபாய் கூடுதலாக வேண்டும். மொத்தச் செலவில் இது 1 சதவீதம்.

சென்னையில் வசதியான ஒரு குடும்பம். ஆண்டுச் செலவு 10 லட்சம், எண்ணெய்க்கு 15,000 ரூபாய், அதாவது 1.5 சதவீதம். அதே விலையேற்றத்தில் இவர்களுக்குக் கூடுதல் செலவு 3,000 ரூபாய். ரூபாயில் பார்த்தால் இவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். ஆனால் மொத்தச் செலவில் அது 0.3 சதவீதம்தான். கூலிக் குடும்பத்தின் சுமை இதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

விலை மாற்றத்தின் சதவீதத்தை, அந்தப் பொருள் குடும்பச் செலவில் பிடிக்கும் பங்கால் பெருக்க வேண்டும். முதல் கட்டக் கணக்கு இவ்வளவுதான். இதற்குப் பின்னால் உள்ள கேள்வி எளிமையானது: பழைய வாழ்க்கைத் தரத்திலேயே இருக்க, இந்தக் குடும்பத்துக்கு இன்னும் எவ்வளவு பணம் தேவை?

இதற்கான தரவு நம்மிடம் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2022-23-இல் சுமார் 2.6 லட்சம் வீடுகளில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தியது. கிராமத்தில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று அது காட்டியது. கிராமத்துச் செலவில் 46 சதவீதம் உணவுக்குப் போகிறது. நகரத்தில் 39 சதவீதம். சமையல் எண்ணெயின் பங்கும் அப்படியே: கிராமத்தில் சுமார் மூன்றரை சதவீதம், நகரத்தில் இரண்டரைக்கும் குறைவு. வருமானம் குறையக் குறைய உணவின் பங்கு கூடும் என்பதால், உணவுப் பொருள் மீது போடும் எந்த வரியும் ஏழைகளின் செலவில் பெரிய பங்கை எடுக்கும்.

இந்த முதல் கட்டக் கணக்கு நட்டத்தைச் சற்று மிகைப்படுத்தும். விலை ஏறினால் மக்கள் சும்மா இருப்பதில்லை. சன்பிளவர் ஆயில் வாங்கியவர் பாமாயிலுக்கு மாறுவார், பொரிப்பதைக் குறைத்துக்கொள்வார். அதைக் கணக்கில் சேர்த்தால் நட்டம் கொஞ்சம் குறையும். சிறிய விலை மாற்றத்துக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. விலை இரட்டிப்பானால் பெரிது. ஆனால், குறைத்துச் சாப்பிட்டுச் சமாளிப்பதும் ஓர் இழப்புதான். கணக்கில் செலவு குறைந்ததாகத் தெரிவதை மிச்சம் பிடித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விற்கவும் செய்தால்?

இப்போது அதே ஊரில் ஓர் ஏக்கரில் நிலக்கடலை போடும் குடும்பம். கடலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். வீட்டுக்கு வேண்டிய எண்ணெயைப் பாக்கெட்டாகக் கடையில் வாங்குகிறார்கள். அதற்கு 8,000 ரூபாய். விற்பது கடலை, வாங்குவது பாமாயில் என்பது இன்று கிராமங்களில் சாதாரணம்.

வரி உயர்வால் கடை எண்ணெய் 20 சதவீதம் ஏறினால் இவர்களுக்கு 1,600 ரூபாய் கூடுதல் செலவு. கடலை விலை 5 சதவீதம் ஏறினால் 3,000 ரூபாய் கூடுதல் வரவு. மிச்சம் 1,400 ரூபாய் லாபம். ஆனால் கடலை விலை 2 சதவீதம்தான் ஏறியது என்றால் வரவு 1,200. கணக்கு 400 ரூபாய் நட்டத்தில் முடிகிறது. விவசாயிக்காகப் போட்ட வரி விவசாயியின் பையிலிருந்தே எடுத்துவிடுகிறது. அவருக்கு நன்மையா தீமையா என்பதை, வரியின் பலன் அவருடைய மூட்டை வரை வந்து சேர்ந்ததா என்பதே தீர்மானிக்கிறது.

விற்பதிலிருந்து வாங்குவதைக் கழித்துப் பார்க்கும் இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஆங்கஸ் டீட்டன். 2015-இல் பொருளாதார நோபல் பெற்றவர். உள்நாட்டில் அரிசி மலிவாக இருக்க வேண்டும் என்று தாய்லாந்து நெடுங்காலம் அரிசி ஏற்றுமதிக்கு வரி போட்டு வந்தது. 1986-இல்தான் அந்த வரியை எடுத்தது. அரிசி விலை ஏறினால் யாருக்கு லாபம் என்று டீட்டன் தாய்லாந்தின் 1981-82 குடும்பக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தார். விலை ஏறினால் பணக்கார நிலக்கிழார்தான் கொழுப்பார் என்று பலர் நினைத்திருந்தார்கள். கிராமத்துக் குடும்பங்களுக்குச் சராசரியாக எல்லா நிலையிலும் லாபம் என்றும், வருமானத்தோடு ஒப்பிட்டால் நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கே அதிக லாபம் என்றும் அவருடைய கணக்கு காட்டியது.

வியட்நாம் இன்னொரு சான்று. 1990-களில் அந்த நாடு அரிசி ஏற்றுமதிக்கு வைத்திருந்த அளவு வரம்பைப் படிப்படியாகத் தளர்த்தியது. உள்நாட்டில் அரிசி விலை ஏறியது. நிலம் பெரும்பாலான கிராமக் குடும்பங்களிடம் ஓரளவு சமமாகப் பிரிந்திருந்ததால் அந்த விலை பரவலாக வருமானமானது. எட்மண்ட்ஸ், பாவ்சினிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-க்கும் 1998-க்கும் இடையில் அதே குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கிராமங்களில் குழந்தைகள் வேலைக்குப் போவது குறைந்ததில் கிட்டத்தட்டப் பாதிக்கு அரிசி விலையேற்றமே காரணம் என்று கண்டார்கள். பெற்றோர் கையில் பணம் வந்ததும் பிள்ளைகளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இதைப் பார்த்து விலை ஏறினால் எங்கும் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரிசி வாங்கிச் சாப்பிடும் வீடுகளே அதிகமாக உள்ள நாட்டில், அல்லது நிலம் சிலர் கையில் குவிந்திருக்கும் நாட்டில், அதே விலையேற்றம் வறுமையைக் கூட்டும். யாரிடம் நிலம் இருக்கிறது, யார் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று பார்க்காமல் எந்த முடிவையும் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.

தொழிலுக்கு வாங்கும் பொருளும் உண்டு. வடைக்கடை வைத்திருப்பவருக்கு எண்ணெய் சமையல் செலவு மட்டும் இல்லை, மூலப்பொருள். நாளைக்கு 3 லிட்டர் எண்ணெய் பிடிக்கும் கடையில் லிட்டருக்கு 25 ரூபாய் ஏறினால் நாளைக்கு 75 ரூபாய் போகிறது. மாதம் 25 நாள் கடை திறந்தால் 1,875 ரூபாய். எல்லாச் செலவும் போக மாதம் 15,000 ரூபாய் வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு அது வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. வடையை 10 ரூபாயிலிருந்து 12 ஆக்கினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார் என்பதால் பலர் விலையை ஏற்றாமல் வடையைச் சிறிதாக்குகிறார்கள். வீட்டுச் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

மூலப்பொருளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை பெரிய பாடம். 2021 மே மாதம் அந்த நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. அதற்குள் பெரும்போகம் எனப்படும் முக்கிய நெல் பருவம் தொடங்கிவிட்டிருந்தது. நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது, தேயிலையும் குறைந்தது. நெல் விதைத்த வன்னி விவசாயியும், கொழுந்து பறித்த மலையகத் தொழிலாளியும், அரிசி வாங்கிச் சாப்பிட்ட கொழும்புக் கூலியும் ஒரே அறிவிப்பால் அடி வாங்கினார்கள்.

துறைமுகத்திலிருந்து மூட்டை வரை

வரி 22 புள்ளி ஏறியது என்பதற்காக எல்லா விலையும் 22 சதவீதம் ஏறாது. இடையில் இறக்குமதியாளர், சுத்திகரிப்பு ஆலை, மொத்த வியாபாரி, கமிஷன் மண்டி, சில்லறைக் கடை என்று பலர் இருக்கிறார்கள். வரியின் தாக்கம் எந்தப் பக்கம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளப்பதே இந்த ஆய்வில் கடினமான வேலை.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் சோயாவுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சந்தை விலை அதற்கும் கீழே இருந்ததால்தான் வரி உயர்த்தப்பட்டது. வரி வந்த பிறகும், அக்டோபர், நவம்பரில் அறுவடை வந்து குவிந்தபோது, விலை ஆதரவு விலையைத் தொடவில்லை. ஏன்? 100 கிலோ சோயாவை ஆட்டினால் வருவது ஏறக்குறைய 18 கிலோ எண்ணெய்தான். மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. சோயாவின் விலையைப் புண்ணாக்கும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் சோயாப் புண்ணாக்கு விலை விழுந்திருந்தது. உள்நாட்டில் எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் தானியச் சக்கை மலிவான கோழித் தீவனமாக வந்து போட்டியிட்டது. எண்ணெய்க்குப் போட்ட வரியால் புண்ணாக்கின் விலையைத் தூக்க முடியவில்லை.

வாங்குபவர் பக்கம் வரி வேகமாக வந்தது. பழைய வரியில் இறக்கிய சரக்கு கையிருப்பில் இருக்கும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று உணவுத் துறை அமைச்சகம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அப்போது சுமார் 30 லட்சம் டன் கையிருப்பு இருந்தது. இருந்தும் சில்லறை விலை ஏறியது. 2025 மார்ச்சில் எண்ணெய், கொழுப்புப் பிரிவின் ஆண்டுப் பணவீக்கம் சுமார் 17 சதவீதம்.

இங்கே அவசரப்பட்டு ஒரு தவறு செய்துவிடலாம். அந்த 17 சதவீதமும் வரியால் வந்தது என்று சொல்வதுதான் அந்தத் தவறு. 2024 இறுதியில் உலகச் சந்தையிலேயே பாமாயில் விலை ஏறியிருந்தது. விளைச்சல் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இந்தோனேசியா டீசலில் கலக்கும் பாமாயிலின் அளவை 35 சதவீதத்திலிருந்து 40-க்கு உயர்த்தும் முடிவில் இருந்தது. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல், ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன், இறக்குமதி செய்கிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் பெரும்பகுதி ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகிறது. அங்கே விலை ஏறினால் வரி மாறாவிட்டாலும் இங்கே ஏறும்.

ஆகவே கேட்க வேண்டியது, வரி போடுவதற்கு முன்னும் பின்னும் விலை என்ன என்பது இல்லை. வரி போடாமலே இருந்திருந்தால் இன்று விலை என்னவாக இருந்திருக்கும் என்பதுதான். நடக்காத அந்த நிலையை மதிப்பிட, உலக விலை, டாலர் மதிப்பு, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும். வரி மாறாத பக்கத்துப் பொருளோடும், வரி மாறாத நாட்டோடும் ஒப்பிட வேண்டும்.

கூலி எந்தப் பக்கம் போகும்?

2018-19-இல் நடந்த தேசிய ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலியிலிருந்து வந்தது 4,063 ரூபாய். நிலம் உள்ள வீட்டிலேயே கூலிதான் முதலிடம் என்றால் நிலம் இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூலியைச் சேர்க்காத கணக்கு அரைக் கணக்கு.

நம் கூலிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். எண்ணெய் விலையால் 1,400 ரூபாய் நட்டம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஆண்டுக்கு 180 நாள் 400 ரூபாய்க் கூலிக்குப் போகிறார் என்று வைத்துக்கொண்டால், கூலி 8 ரூபாய் ஏறினாலே 1,440 ரூபாய் கிடைத்து நட்டம் ஈடாகிவிடும். கடலை லாபமானால் அதிகப் பேர் கடலை போடுவார்கள், களை எடுக்கவும் காய் பறிக்கவும் ஆள் தேவை கூடும், கூலி ஏறும். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் விலை உடனே ஏறும். கூலி ஏற ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் எண்ணெய் வாங்கும்.

வேறு நாட்டின் வரி என்றால் கூலிதான் முதலில் அடிபடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது, திருப்பூரில் பனியன் விலை ஏறவில்லை. அங்கே பார்க்க வேண்டியது ஆர்டரையும் ஷிப்ட்டையும்தான். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய டெய்லருக்கு ஒரு ஷிப்ட்தான் என்றால், கூலி விகிதம் மாறாமலே சனிக்கிழமைச் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வேலை போனவர்களை மட்டும் எண்ணும் புள்ளிவிவரத்தில் இவர் வேலையில் இருப்பவராகவே பதிவாவார். வேலை நேரமும் பீஸ் ரேட்டும் சேர்ந்து பதிவானால்தான் உண்மை தெரியும்.

இந்தியாவில் வரி மாற்றம் வறுமையை எப்படித் தொட்டது என்று பெரிய அளவில் ஆராய்ந்தவர் பெட்டியா டோபலோவா. 1991 நெருக்கடிக்குப் பிறகு இந்தியா தன் இறக்குமதி வரிகளை வேகமாக வெட்டியது. 1990-இல் 80 சதவீதத்துக்கும் மேல் இருந்த சராசரி வரி 1996-இல் 37 சதவீதம் ஆனது. எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்து, வரி வெட்டு எந்த மாவட்டத்தை எவ்வளவு தொட்டது என்று அவர் கணக்கிட்டார். வறுமை நாடு முழுவதும் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரி வெட்டு அதிகம் தொட்ட கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகக் குறைந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அடித்தட்டில் இருந்தவர்கள், வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் போக முடியாதவர்கள்.

இந்த ஆய்வு சொல்லும் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிடுவதால், யார் பின்தங்கினார்கள் என்று அது காட்டுகிறது. நாட்டுக்கு மொத்தமாக நன்மையா தீமையா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. தாராளமயம் வறுமையைக் கூட்டியது என்றோ, எல்லாரையும் தூக்கிவிட்டது என்றோ இதைக் காட்டிப் பேசுவது இரண்டுமே தவறு.

காலமும் முக்கியம். தொடக்க வலி சில ஆண்டில் ஆறிவிடும், மக்கள் வேறு வேலைக்கு மாறிவிடுவார்கள் என்று பலர் நம்பினார்கள். பிரேசில் 1990-களின் தொடக்கத்தில் வரியைக் குறைத்தது. டிக்ஸ்-கார்னெய்ரோ, கோவாக் என்ற இருவர் இருபது ஆண்டுக் காலத் தரவைப் பார்த்தபோது, அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளின் வருமான இழப்பு பத்தாம் ஆண்டில் இருந்ததைப் போல இருபதாம் ஆண்டில் மூன்று மடங்காகியிருந்தது. முதலீடு அந்த ஊர்களை விட்டுப் போய்விட்டது. மனிதர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அரசின் பணப்பெட்டி

வரியாக வசூலான பணம் எங்கே போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் மீது வந்த 27.5 சதவீதத்தில் 20 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி. அது மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் சேரும். 15-வது நிதி ஆணையத்தின்படி அப்போது அந்தத் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போனது. மீதி 7.5 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு செஸ்ஸும் சமூகநல சர்சார்ஜும். அவை பகிரப்படுவதில்லை, முழுதும் மத்திய அரசுக்கே.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இறக்குமதி வரி ஏறினாலும் அட்டைதாரருக்கு அந்த 25 ரூபாய் மாறுவதில்லை. ஏழை வீட்டின் எண்ணெயில் ஒரு பகுதியாவது உலகச் சந்தையின் ஆட்டத்திலிருந்து தப்பிக்கிறது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாக்கெட்டை மாநில அரசு டெண்டர் விலையில்தான் வாங்குகிறது. வரி ஏறினால் டெண்டர் விலையும் ஏறும், மானியமும் ஏறும். வரி வருமானத்தின் பெரும்பங்கு ஒரு அரசுக்கு, அந்த வரியிலிருந்து ஏழையைக் காக்கும் செலவு இன்னொரு அரசுக்கு. ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ கொடுங்கள் என்று தென்னை, கடலை விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்பதையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்: கூடுதல் மானியம் எவ்வளவு, அதில் விவசாயி கைக்கு எவ்வளவு வரும் என்று.

சராசரியை நம்பாதீர்கள்

இத்தனையும் கூட்டிய பிறகு, வறுமை 0.2 சதவீதம் குறைந்தது என்று ஓர் எண் வரலாம். அந்த ஒற்றை எண்ணோடு நின்றால் செய்த வேலை வீண். வறுமைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த பத்துப் பேர் கோட்டைத் தாண்டியிருக்கலாம். அதே நேரத்தில் அடியில் இருந்த எட்டுப் பேர் இன்னும் கீழே போயிருக்கலாம். எண்ணிக்கையில் வறுமை குறைந்தது, ஆழத்தில் கூடியது. அதனால் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்பதோடு, கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. உலக வங்கி 2025 ஜூனில் தன் கோட்டை நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. இந்தியாவில் டெண்டுல்கர் குழு 2009-இல் கொடுத்த முறைக்குப் பிறகு புதிய கோட்டை அரசு ஏற்கவில்லை. ரங்கராஜன் குழு 2014-இல் கொடுத்த அறிக்கை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் சராசரி மறைக்கிறது. எண்ணெய் செலவு கூடும்போது குடும்பத்தில் யாருடைய தட்டில் குறைகிறது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எளிதில் பிடிப்பதில்லை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று நமக்குத் தெரியும். ஆண், பெண், குழந்தை என்று பிரித்துப் பார்க்காத நலக் கணக்கை முழுக் கணக்கு என்று சொல்ல முடியாது.

வரியே கூடாது என்றோ, வரியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்றோ சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடலையும் எள்ளும் போடும் விவசாயி பிழைக்க வேண்டும். பாக்கெட் எண்ணெய் வாங்கும் கூலிக்காரரும் பிழைக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் நிற்கிற ஒரு முடிவை எடுக்கும்போது, யாருக்கு எவ்வளவு போகும், யாருக்கு எவ்வளவு வரும், நட்டப்படுபவருக்கு எதனால் ஈடு செய்வோம் என்ற மூன்றையும் எழுதிக் காட்டுவது அரசின் கடமை. 2024 செப்டம்பர் வரியால் எண்ணெய் வாங்கும் வீடுகள் எவ்வளவு கொடுத்தன, அதில் சோயா விவசாயிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு, 2025 மே மாதம் வரியைக் குறைத்தபோதாவது மக்கள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது, வேலை பற்றிய ஆண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது, சுங்கத் துறையிடம் சரக்குவாரியாக இறக்குமதிப் பதிவு இருக்கிறது, விற்பனைக் கூடங்களில் அன்றாட விலை இருக்கிறது. இவற்றைச் சேர்த்து ஒவ்வொரு பெரிய வரி மாற்றத்தோடும் ஒரு வீட்டு நலக் கணக்கை வெளியிட வேண்டும். ஓராண்டு கழித்து அது பலித்ததா என்று மீண்டும் சொல்ல வேண்டும். அடுத்த முறை வரி ஏறியது, இறங்கியது என்று செய்தி வரும்போது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். விவசாயச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து கேட்டால் அதை மறுப்பது எந்த அரசுக்கும் கடினம்.